யோகராணி அக்கா எடுத்த கருத்துக்கணிப்பு

யோகராணி அக்காவுக்கு வேலை காலையிலேயே தொடங்கிவிடும். ரொறன்ரோவில், வெக்ஸ்போர்ட் பகுதியில் ஒரு பிளாசாவின் மேல்மாடி. கீழே பல் வைத்தியரும் சலவைக்கடையும் இருக்கும். மேலே, தொலைபேசியில் ஆட்களைக் கூப்பிட்டு அவர்களுடைய கருத்தைக் கேட்டு எழுதுகிற ஒரு கம்பனி. உங்கள் வங்கி எப்படி, எந்தச் சவர்க்காரம் வாங்குகிறீர்கள், அடுத்த முறையும் அதையே வாங்குவீர்களா என்று கேட்பதுதான் அங்கே வழக்கமான வேலை. பஞ்சாபி, சீனம், உருது என்று ஒவ்வொரு பாஷைக்கும் இரண்டு மூன்று பேர் இருக்கிறார்கள். தமிழுக்கு இரண்டு பேர். ஒருவர் யோகராணி அக்கா, மற்றவர் அருள்நாயகம் அண்ணை.

அக்கா மீசாலையில் பிறந்தவர். தொண்ணூறுகளில் கணவர் சிவபாதம் கூப்பிட்டு ரொறன்ரோ வந்தார். முதலில் சென் ஜேம்ஸ் ரவுணில் இன்னொரு குடும்பத்தோடு ஒரே வீட்டில் இருந்தார்கள். பிறகு ஸ்காபரோ. பிளாஸ்டிக் மூடி செய்கிற தொழிற்சாலை, மஃபின் பெட்டியில் அடுக்குகிற வேலை என்று நின்ற நிலையிலேயே காலம் போனது. கடைசியில் முழங்கால் ஒத்துழைக்கவில்லை. கோயில் அறிவித்தல் பலகையில் ‘தமிழ் தெளிவாக வாசிக்கத் தெரிந்தவர் தேவை’ என்று ஒரு துண்டு ஒட்டியிருந்ததைக் கண்டு போனார். வெள்ளிக்கிழமைகளில் எங்கள் கோயிலில் திருமுறை பாடுகிறவர் என்பதால் வாசிப்புக்குப் பயமில்லை.

அங்கே மேற்பார்வை பார்க்கிற துவாரகா என்ற பிள்ளை ஒரு தாளைக் கொடுத்து வாசிக்கச் சொன்னாளாம். துவாரகா இங்கேயே பிறந்து பல்கலைக்கழகத்தில் புள்ளிவிபரம் படித்தவள். அக்கா இரண்டு வரி வாசித்ததும் அவள் சிரித்துவிட்டாள்.

"அன்ரி, இது சவர்க்காரம் பற்றின கேள்வி. கொஞ்சம் இராகம் வருது. சும்மா வாசியுங்கோ."

"பழக்கதோஷம் பிள்ளை," என்று சொல்லி அக்கா மறுபடி வாசித்தார். வேலை கிடைத்தது.

அந்த வேலைக்குச் சட்டம் கொஞ்சம்தான், ஆனால் கண்டிப்பானது. தாளில் இருப்பதை இருக்கிறபடியே வாசிக்க வேண்டும். சேர்க்கவும் கூடாது, விடவும் கூடாது. மறுமுனையில் இருப்பவரின் பெயரைக் கேட்கக் கூடாது. நம்முடைய எண்ணத்தைச் சொல்லக் கூடாது. விளங்கவில்லை என்றால் கேள்வியை மறுபடி வாசிக்கலாம், விளக்கம் சொல்ல முடியாது. யாரும் கோபப்பட்டாலும் அழுதாலும் கொஞ்சம் பொறுத்து அடுத்த கேள்விக்குப் போக வேண்டும். அக்கா இதையெல்லாம் பிழையில்லாமல் செய்துவந்தார். ரொறன்ரோவில் இருக்கிற ஆட்களைச் சவர்க்காரம் பற்றிக் கேட்கும்போது சேர்ப்பதற்கும் ஒன்றும் வராது. பாதிப் பேர் கேள்வி முடியுமுன்னரே வைத்துவிடுவார்கள்.

2024ஆம் ஆண்டு ஆவணியில் வேறொரு வேலை வந்தது. புரட்டாதியில் இலங்கையில் ஜனாதிபதித் தேர்தல். வடக்கில் இருக்கிற வாக்காளர்கள் எதைப் பெரிதாக நினைத்து வாக்குப் போடப் போகிறார்கள் என்று யாரோ ஆராய்ச்சிக்காரர்கள் அறிய விரும்பினார்கள். இங்கே காலை என்றால் அங்கே பின்னேரம். ஆகவே விடியப்புறம் வந்து இருந்து யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு இலக்கங்களுக்குக் கூப்பிட வேண்டும். முதற்கேள்வி இது: ‘எதிர்வரும் ஜனாதிபதித் தேர்தலில் நீங்கள் வாக்களிக்கும்போது உங்களுக்கு மிக முக்கியமான விடயம் எது?’ எதையும் எடுத்துக் கொடுக்கக் கூடாது. அவர்கள் சொல்வதை அவர்கள் சொன்ன சொல்லிலேயே கணினியில் தட்டிவைக்க வேண்டும். பிறகு துவாரகா அதற்கு ஒரு பிரிவு போடுவாள்: விலைவாசி, அரசியல் தீர்வு, வேலைவாய்ப்பு, போர் தொடர்பானவை என்று.

முதல் நாள் முதல் இலக்கம் விழுந்தது. "ஹலோ, ஆர் கதைக்கிறது?" என்று ஊர்க்குரல் ஒன்று கேட்டது. பின்னால் ஒரு சேவல் கூவியதாம். அந்தக் குரலுக்கு எடுத்தவுடனே தாளை வாசிக்க அக்காவுக்கு வாய் வரவில்லை.

"சாப்பிட்டாச்சோ?" என்று கேட்டுவிட்டார்.

"ஓம், இப்பதான்."

"என்ன கறி?"

அதன் பிறகுதான் தாளை எடுத்தார். அந்த மனுசி கடைசிக் கேள்வி வரைக்கும் பொறுமையாகப் பதில் சொன்னாள். அடுத்த ஆளிடமும் அப்படியே கேட்டார். வைத்துவிடுகிறவர்கள் குறைந்தார்கள். ஒரு கிழமைக்குள் அந்த மாடியில் ஆக அதிகம் பேரிடம் பதில் எடுத்தவர் யோகராணி அக்காதான்.

அருள்நாயகம் அண்ணை ஊரில் தபாலதிபராக இருந்தவர். இங்கே நெடுங்காலம் காவல் வேலை செய்து ஓய்வெடுத்தவர். தொலைபேசியில் கதைக்கிற வேலைக்கும் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டுதான் வருவார். அரசியல் என்றால் அவருக்கு உயிர். தேத்தண்ணி குடிக்கிற இடத்தில் அக்காவைக் கண்டால் சும்மா விடமாட்டார்.

"என்ன யோகராணி, உம்மட ஆக்களுக்கு இண்டைக்கு என்ன பிரச்சினை? பருப்போ, சீனியோ?"

"மண்ணெண்ணெய் அண்ணை."

"எழுவத்தஞ்சு வருசப் பிரச்சினையை நீர் ஒரு போத்தில் மண்ணெண்ணெயுக்கை அடைச்சுப் போட்டீர்."

"நான் அடைக்கேல்லை. அவை சொன்னதை எழுதினனான். ஏன், உங்கட ஆக்கள் சமைக்கிறேல்லையோ?"

"என்ர ஆக்கள் சிந்திக்கிறவை."

"பசி இல்லாட்டில் சிந்திக்கலாம்தான்," என்று சொல்லிக்கொண்டு அக்கா கோப்பையைக் கழுவி வைத்தார். பகிடியாகத்தான் கதைத்தார்கள். ஆனால் இரண்டு பேரும் எழுதியதை அடுக்கிப் பார்த்தவர்களுக்கு அது பகிடியாக இருக்கவில்லை.

இரண்டாம் கிழமை துவாரகா அக்காவைத் தன் அறைக்குக் கூப்பிட்டாள்.

"கதவைச் சாத்திப்போட்டு வாங்கோ அன்ரி. நான் ஒண்டு கேப்பன், கோவிக்கக் கூடாது."

"சொல்லும் பிள்ளை."

"உந்த இன்ரவியூ எல்லாம் நீங்கள் எடுத்ததுதானே?"

"வேற ஆர் எடுக்கிறது?"

துவாரகா திரையைத் திருப்பிக் காட்டினாள். "உங்கட ஆக்கள் கிட்டத்தட்ட எல்லாரும் சாமான் விலை எண்டு சொல்லியிருக்கினம். அருள்நாயகம் அங்கிளின்ர ஆக்கள் அரைவாசிக்கு மேல அரசியல் தீர்வு எண்டினம். ஒரே மாவட்டம், ஒரே கிழமை. இப்பிடி வராது அன்ரி. ஹெட் ஒஃபிஸில கேக்கினம், ஆரோ ஒராள் கோல் எடுக்காமல் தானே இருந்து நிரப்புறாரோ எண்டு."

"அது நான் எண்டு சொல்லுகினமோ?"

"உங்கட பதில்தான் எல்லாம் ஒரே மாதிரிக் கிடக்கு. அப்பிடி நிரப்பினது எண்டு தெரிஞ்சால் அந்த ஆளை வேலையில வைச்சிருக்க மாட்டினம். அதால கேட்டனான். சொறி அன்ரி."

வேலை போனால் இன்னொன்று தேடலாம். ஆனால் பொய்யெழுதினவர் என்ற பேரோடு போவதை அவரால் நினைக்க முடியவில்லை. பிறகு சொன்னார்: "நான் சத்தியம் பண்ணுறேல்லைப் பிள்ளை, அது பாவம். றெக்கோடிங் கிடக்குத்தானே. கேட்டுப் பாருங்கோ."

வீட்டில் சிவபாதம் அண்ணை இருந்தார். அவர் பள்ளிக்கூட பஸ் ஓடுகிறவர், விடுமுறைக் காலம் ஆகையால் வேலையில்லை. விசயத்தைக் கேட்டுவிட்டு, "பொய் எழுதுறவன் மாத்தி மாத்தியெல்லோ எழுதுவான். எல்லாம் ஒரே மாதிரி எண்டாலே தெரியேல்லையோ உண்மை எண்டு," என்றார். அக்கா சிரிக்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை கோயிலில் அவர் பாடவில்லை. தொண்டை சரியில்லை என்று சொல்லி ஒரு தூணோடு இருந்துகொண்டார். மற்றவர்கள் தன் குரலைச் சந்தேகப்படுகிற நேரத்தில் அதே குரலால் சுவாமிக்கு முன்னால் பாட மனம் வரவில்லை என்று பிறகுதான் சொன்னார்.

திங்கட்கிழமை துவாரகா இரண்டு பேரையும் ஒன்றாகக் கூப்பிட்டாள். சனி ஞாயிறு முழுக்கப் பதிவுகளைக் கேட்டிருக்கிறாள். கண் சிவந்திருந்தது.

"அன்ரி, நீங்கள் எல்லாக் கோலும் எடுத்திருக்கிறியள். ஒண்டும் பொய் இல்லை. அதை ஹெட் ஒஃபிஸுக்கு எழுதிப்போட்டன்."

அக்கா கண்ணை மூடிப் பிள்ளையாரை நினைத்தார். திறக்கும்போது துவாரகா ஒரு பதிவைப் போட்டிருந்தாள். விசுவமடுவில் இருந்து ஒரு பெண். பெயர் கேட்கக் கூடாத வேலை என்பதால் அவள் பெயர் யாருக்கும் தெரியாது. முப்பது முப்பத்தைந்து வயதுக் குரல்.

ஒலிப்பெட்டியில் அக்காவின் குரல் கேட்டது: "சாப்பிட்டாச்சோ?"

"இப்பதான் அக்கா. பிள்ளையள் ரியூசனால வர நேரம் போட்டுது."

"என்ன கறி?"

"பருப்பும் முருங்கையிலையும். சுண்டுறதெண்டால் தேங்காய்ப்பூப் போடவேணும். தேங்காய் விக்கிற விலைக்கு அதைப் பாத்திட்டுத்தான் வைக்கவேணும் அக்கா, போடேலாது."

இரண்டு பேரும் சிரிப்பது கேட்டது. பிறகு அக்கா தாளில் இருந்த முதற்கேள்வியை வாசித்தார். அந்தப் பெண் யோசிக்கவே இல்லை.

"விலைவாசிதான். தேங்காய் எண்டே எழுதுங்கோ."

துவாரகா நிறுத்தினாள். "உதுதான் அன்ரி."

"எது?"

"ஸ்கிரிப்ட்டில சாப்பாடு எங்க கிடக்கு?"

"அது கேள்வி இல்லைப் பிள்ளை. அது கதைக்கத் தொடங்கிறது."

"நீங்கள் என்ன கறி எண்டு கேக்கிறியள். அவ பருப்பை, தேங்காயை யோசிக்கிறா. உடனே உங்களுக்கு எது முக்கியம் எண்டு கேட்டால் வேற என்ன சொல்லுவா?"

"அப்ப அவ சொன்னது பொய்யோ?"

"பொய் இல்லை. ஆனா அவ நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கிறா. பேப்பரில இருக்கிற கேள்விக்கு இல்லை."

அருள்நாயகம் அண்ணை கழுத்துப்பட்டியைச் சரிசெய்துகொண்டார். "நான் அப்பவே சொன்னனான் பிள்ளை, பருப்புச் சட்டிக்கை நிண்டு தேர்தல் பாக்கேலாது எண்டு."

"அங்கிள், உங்கடையும் ஒண்டு போடுறன்," என்றாள் துவாரகா.

அண்ணையின் குரல் கணீரென்று வந்தது: "வணக்கம். நான் கனடாவில இருந்து, ஸ்காபரோவில இருந்து அருள்நாயகம் கதைக்கிறன். நீங்கள் எந்தப் பக்கம்? ஓ, கரவெட்டியோ. அங்கை எங்கட ஒரு மாஸ்டர் இருந்தவர்." மறுமுனையில் ஒரு ஆண் தொண்டையைச் செருமினார். முதற்கேள்வி வந்ததும் கூட்டத்தில் பேசுவது போலத் தொடங்கினார்: "தமிழ் மக்களுக்கு ஒரு நிரந்தரமான அரசியல் தீர்வு கிடைக்கவேணும். புலம்பெயர்ந்த எங்கட உறவுகளும் அதைத்தான் எதிர்பாக்கினம்." எல்லாக் கேள்வியும் முடிந்து வைக்கப் போகும் நேரம் அதே ஆள் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "ஐயா, அங்கை வேலைக்கு ஆக்கள் எடுக்கினமோ?"

யோகராணி அக்கா நிலத்தைப் பார்த்தார். சிரித்தால் அண்ணை மனம் நோவார்.

"ஊரைக் கேக்காமல் ஒரு மனுசனோட எப்பிடிப் பிள்ளை கதைக்கிறது?" என்றார் அண்ணை.

"நாங்கள் கதைக்கேல்லை அங்கிள். கேக்கிறம். கனடா எண்டு சொன்னவுடனே அவை கனடாவுக்குப் பதில் சொல்லுகினம்."

ஹெட் ஒஃபிஸ் முடிவு செய்துவிட்டது என்று துவாரகா சொன்னாள். இரண்டு பேருடைய பதில்களையும் அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டும்.

அக்கா யாரோடும் வாதாடுகிறவர் இல்லை. அன்று வாதாடினார். "அண்ணைக்கு அவை மேடைக்குச் சொல்லுற மாதிரிச் சொன்னவை. எனக்கு அப்பிடி இல்லைப் பிள்ளை. வயித்தில இருக்கிறதைச் சொன்னவை. உங்கட சொல்லு உரிய இடத்துக்குப் போகும் எண்டு பேப்பரில இருந்ததை நான் ஒவ்வொருத்தருக்கும் வாசிச்சனான். இப்ப அழிச்சால் நான் வாசிச்சது பொய். எங்கட ஆக்களிட்டை உண்மை கேக்கிறதெண்டால் சாப்பிட்டியளோ எண்டு கேட்டுத்தான் கேக்கவேணும்."

துவாரகா பேனையை மேசையில் தட்டிக்கொண்டு யோசித்தாள். தமிழுக்கு வேறு ஆட்களும் இல்லை. "சரி. அதே ஆக்களுக்குத் திருப்பி எடுங்கோ. ஸ்கிரிப்ட் மட்டும். வேற ஒரு சொல்லும் வேண்டாம். நான் பக்கத்தில இருந்து கேப்பன். அதே பதிலைச் சொன்னால் அதே பதில் நிக்கும். வேற சொன்னால் வேறதை எழுதவேணும்."

"அதையேதான் சொல்லுவினம்," என்றார் அக்கா.

செவ்வாய்க்கிழமை காலையில் தொடங்கினார்கள். அக்கா கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுக் காதில் கருவியை மாட்டினார். பக்கத்தில் துவாரகா இன்னொன்றை மாட்டிக்கொண்டு தாளில் விரலை வைத்தாள். முதலில் பருத்தித்துறை ஆள் ஒருவர் வந்தார். கேள்வியை வாசித்ததும், "உது போன கிழமையும் கேட்டதுதானே. அதே பதில்தான். அதுக்குள்ள சீனி விலை இறங்கேல்லை," என்றார். அக்கா துவாரகாவைத் திரும்பிப் பார்த்தார். அடுத்தது கொக்குவில், அதுவும் விலைவாசிதான். பிறகு சாவகச்சேரிப் பெரியவர் ஒருவர், "ஆர் வந்தாலும் எனக்கு ஒண்டுதான், ஆனா மருந்தைக் கிளினிக்கில தரட்டும்," என்றார். முதல் முறை அவர் அரிசி விலையைச் சொன்னவர். அக்கா அதையும் தட்டிவைத்தார். பத்துப் பேருக்கு ஒருவர் இருவர் மாறுவார்கள், அது இருக்கட்டும் என்று நினைத்தாராம்.

அதன் பிறகு விசுவமடு வந்தது.

"வணக்கம். நான் ஒரு கருத்துக்கணிப்பு நிறுவனத்திலிருந்து பேசுகிறேன். இந்த அழைப்பு பதிவு செய்யப்படுகிறது," என்று அக்கா வாசித்தார்.

"அக்கா, நீங்களோ? அண்டைக்குக் கதைச்ச அக்காதானே?"

துவாரகாவின் விரல் அடுத்த வரிக்குப் போனது. அக்கா அந்த வரியை வாசித்தார்.

"என்னக்கா, குரல் ஒரு மாதிரிக் கிடக்கு. சுகமில்லையோ? நான் ஏதும் பிழையாச் சொல்லிப்போட்டனோ?"

பதில் சொல்லக் கூடாது. அக்கா முதற்கேள்வியை வாசித்தார். ஜனாதிபதித் தேர்தல், வாக்களிக்கும்போது, மிக முக்கியமான விடயம். மறுமுனையில் ஒரு மோட்டார் சைக்கிள் போகிற சத்தம் மட்டும் கேட்டது.

"கேள்வியை மீண்டும் வாசிக்கிறேன்," என்று சொல்லி அக்கா மீண்டும் வாசித்தார். அது தாளில் அனுமதித்திருந்தது.

"முக்கியம் எண்டால்," என்று தொடங்கி அந்தப் பெண் நின்றாள். பிறகு சொன்னாள்: "எங்கட அண்ணா எங்க எண்டு சொல்லட்டும். ரெண்டாயிரத்தொம்பதில, சண்டை முடியேக்கை, ஆமியின்ர பஸ்ஸில ஏறினவர். அம்மா கண்ணாலை கண்டவ. பிறகு காணேல்லை. அம்மா ஒவ்வொரு இடமாப் போய்க் கேட்டவ, படத்தோட றோட்டில இருந்தவ. போன தையில அவவும் கண்ணை மூடிப்போட்டா. இனி நான்தான் கேக்கவேணும். ஆர் வந்தாலும் எனக்கு அதுதான் அக்கா. அண்டைக்கு நீங்கள் சமையல் கேட்டியள், மனம் அந்தக் கதையோடயே போயிட்டுது."

அக்காவின் கை தட்டெழுத்துப் பலகையில் இருந்தது. சொல்வதற்கு அவரிடம் எவ்வளவோ இருந்தது. அவருடைய சித்தப்பாவின் மகனும் அப்படிப் போனவன்தான். அதையெல்லாம் சொல்லியிருந்தால் அந்தப் பெண்ணுக்கு ஒரு ஆறுதலாக இருந்திருக்கும். தாளில் அதற்கு இடமில்லை. பொறுத்து அடுத்ததுக்குப் போகச் சொல்லித்தான் சட்டம். அக்கா பொறுத்தார். துவாரகா தாளில் இருந்து விரலை எடுத்துவிட்டாள்.

அக்கா தானாகவே அடுத்ததை வாசித்தார்: "இரண்டாவதாக முக்கியமான விடயம் எது?"

"ரெண்டாவதுக்குத் தேங்காயைப் போடுங்கோ," என்றாள் அந்தப் பெண். கொஞ்சம் சிரித்தது போலவும் இருந்தது.

மிச்சக் கேள்விகளும் முடிந்தன. வயது எந்தப் பிரிவு, வாக்களிக்கப் போவது நிச்சயமா, வீட்டில் எத்தனை பேர். ‘உங்கள் நேரத்துக்கு நன்றி’ என்று கடைசி வரியை வாசித்தார்.

"வைக்கிறன் அக்கா. நீங்கள் உடம்பைப் பாத்துக்கொள்ளுங்கோ."

அழைப்பு முடிந்ததும் திரையில் ஒரு பெட்டி வந்தது. முன்னைய பதிலை நீக்கிவிட்டுப் புதியதைச் சேமிக்கவா என்று கேட்டது. முன்னைய பதில் என்ற இடத்தில், அக்கா அன்றைக்குத் தட்டியபடியே, ‘விலைவாசிதான். தேங்காய் எண்டே எழுதுங்கோ’ என்று இருந்தது.

"பிள்ளை," என்றார் அக்கா, "ரெண்டையும் வைக்கேலாதோ?"

"ஒரு ஆளுக்கு ஒரு முதற்பதில்தான் அன்ரி."

அக்கா அழுத்தினார். பழையது போய்விட்டது. புதியதுக்குத் துவாரகா ‘போர் தொடர்பானவை’ என்று பிரிவு போட்டாள். காணி, காணாமல்போனவர்கள், முகாம்கள் எல்லாம் அந்த ஒரு பெட்டிக்குள்தான்.

"தேத்தண்ணி குடிச்சிட்டு வாறியளோ அன்ரி?"

"வேண்டாம். அடுத்ததை எடுப்பம்."

அன்று வேலை முடியும் வரை அவர் தன் ஆட்களுக்காக ஒரு சொல்லும் பேசவில்லை. சிலர் அதையே சொன்னார்கள், சிலர் வேறு சொன்னார்கள். மாற்றிச் சொன்னவர்களில் இன்னும் இரண்டு பேர் காணாமல்போனவர்களைச் சொன்னார்கள், ஒருவர் யானை வேலி கேட்டார். அருள்நாயகம் அண்ணையும் கனடா, ஸ்காபரோ எல்லாவற்றையும் விட்டுவிட்டு வெறுந்தாளை வாசித்தார். கரவெட்டி ஆள் இரண்டாம் முறை பயிருக்குப் போடும் பசளையை ஒரே சொல்லில் சொல்லி முடித்துவிட்டாராம். அண்ணை அதை யாருக்கும் சொல்லவில்லை. திரையில் இருந்ததைத் துவாரகாதான் சொன்னாள்.

அக்காவின் விசுவமடுப் பதிலைப் பற்றி அண்ணைக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. அடுத்த நாள் தேத்தண்ணி இடத்தில் வந்து நின்றார்.

"இப்ப உம்மட ஆக்களும் என்ர பக்கம் வந்திட்டினம் போல."

"இல்லை அண்ணை. அவ உங்கட பக்கமும் வரேல்லை, என்ர பக்கமும் வரேல்லை."

அண்ணை கோப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

தேர்தலுக்கு முன்னர் அட்டவணை வந்தது. அதில் விலைவாசிதான் மேலே நின்றது, ஆனால் அக்கா முதல் எடுத்த கணக்கில் நின்ற உயரத்தில் இல்லை. தீர்வு அதற்குக் கீழே. போர் தொடர்பானவை இன்னும் கீழே, மெல்லிய ஒரு கோடு. அந்தக் கோட்டைத் துவாரகா பேனையால் தொட்டுக் காட்டி, "உங்கட விசுவமடு ஆள் இதுக்குள்ள நிக்கிறா அன்ரி," என்றாள். அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். கோட்டில் ஆளைப் பிரித்துக் காண முடியாது. இருந்தாலும் பார்த்தார்.

அவர் அந்த வேலையில் இப்போதும் இருக்கிறார். ஊருக்குக் கூப்பிடும் வேலை வந்தால் தாளில் இருப்பதைத்தான் வாசிக்கிறார். முன்னரைப் போல ஆட்கள் நின்று கதைப்பதில்லை, கொஞ்சப் பேர் வைத்துவிடுகிறார்கள். ‘சாப்பிட்டாச்சோ எண்டு கேட்டு நான் அந்தப் பிள்ளையின்ர வாயை மூடிப்போட்டன்’ என்று ஒருமுறை சொன்னார். அப்படி இல்லை அக்கா, அதுவும் அவளுடைய கவலைதானே என்று நான் சொன்னதற்கு, ‘ஓம், அதுவும்தான்’ என்றார்.

விசுவமடுப் பெண் கதைத்த அந்தக் கிழமை வெள்ளிக்கிழமை அக்கா வேளைக்கே கோயிலுக்கு வந்திருந்தார். அர்ச்சனைத் தட்டைக் கொண்டுபோய் நீட்டினார். ஐயர் பூவைக் கையில் எடுத்துக்கொண்டு வழமைபோலக் கேட்டார்.

"ஆற்ற பேருக்கு அம்மா?"

"பேர் தெரியாதையா. கேக்கக் கூடாது."

"நட்சத்திரம்?"

"அதுவும் தெரியாது. ஒரு அண்ணாவும் தங்கச்சியும். விசுவமடு."

பின்னால் வரிசையில் ஆட்கள் நின்றார்கள். ஒரு பிள்ளை தாயின் கையை இழுத்துக்கொண்டு நின்றது. ஐயர் அக்காவின் முகத்தைப் பார்த்தார். மேலே ஒன்றும் கேட்கவில்லை.

"அப்ப சுவாமி பேருக்குச் செய்யிறன்," என்றார்.

"செய்யுங்கோ ஐயா."

அர்ச்சனை முடிந்து, திருநீறு வாங்கிப் பூசிக்கொண்டு, அக்கா ஒலிவாங்கி இருந்த பக்கம் போனார். அன்று அவர் பாடினார்.